கண்மாய் உடைப்பு பார்வையிடல்

12.4.2015, ஞாயிறு

காலை 10.40 மணிக்கு ஜீப் வீடு வந்து சேர்ந்தது. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்து வரப்பட்டது என்பதையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் தெருவே பார்த்துவிட்டது.

பின்னால் யாராவது படிக்கக்கூடும் என்பதால் முழு விவரம் தருகிறேன். நான் அ. குலசேகரன், ஓய்வு பெற்ற வட்டாட்சியர், அருப்புக்கோட்டை. இந்த ஜீப்பில் இரண்டு தவணையாக ஆறு வருடம் பயணம் செய்தவன். இனி உதவாது என்று சர்க்கார் கழித்துவிட்ட பிறகு இது ஏலத்தில் ஒரு செங்கல் சூளைக்காரரிடம் போய், சுமை இழுத்து, கடைசியில் அங்கேயே ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டது. போன மாதம் குளியலறைச் சுவருக்குச் செங்கல் சொல்லப் போன இடத்தில் பார்த்தேன். இடது முன் இருக்கையில், அதாவது என் இருக்கையில், ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டிரைவர் இருக்கை காலியாகத்தான் கிடந்தது. அலுவலர் இருக்கை எது என்று கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அன்றே விலை பேசிவிட்டேன்.

என் மனைவி தமயந்தி வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இத எதுக்குங்க கொண்டாந்தீங்க?"

"புதுசு மாதிரி ஆக்கப் போறேன்."

"நான் வடகம் எங்க காயப் போடுறது?"

முப்பத்து மூன்று வருட அரசுப் பணியின் சின்னம் ஒன்று வாசலில் நிற்கிறது, இவளுக்கு வடகம். உள்ளே வந்துவிட்டேன்.

15.4.2015, புதன்

சந்தியாகுவை வரச் சொல்லியிருந்தேன். என் காலத்தில் இந்த வண்டிக்கு டிரைவர். அவரும் ஓய்வு பெற்றாகிவிட்டது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் பேசினார். (நாற்காலியை ஒரு முறைதான் காட்டினேன்.)

பானெட்டைத் தூக்கியதும் உள்ளே ஒரு பாம்புச் சட்டை இருந்தது. சந்தியாகு அதை ஒரு குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு, நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதைப் போல இஞ்சினைத் தொட்டுப் பார்த்தார்.

"எந்திரிச்சிரும்யா. உசுரு இருக்கு. நாலு மாசம் புடிக்கும். ஃபோர் வீல் லீவர்கூட நல்லாத்தான் இருக்கு பாருங்க."

எந்த லீவர் என்று கேட்டேன். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியைக் காட்டினார். அது பை மாட்டுவதற்காக வைத்தது என்றல்லவா ஆறு வருடம் நினைத்திருந்தேன். என் சாப்பாட்டுப் பை எப்போதும் அதில்தான் தொங்கும். சேறு, மணல், வெள்ளம் என்று வந்தால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க அதைத்தான் போட வேண்டுமாம்.

"அப்ப என் பை?"

"எடுத்து என் மடியில வச்சுக்கிருவேன்யா."

நான் கவனித்ததில்லை.

19.4.2015, ஞாயிறு

ஓய்வு பெற்ற வருவாய்த் துறை அலுவலர் நலச் சங்கக் கூட்டம். ஜீப் செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. தலைவர் தெய்வநாயகம் அண்ணாச்சி, இங்கே கோட்டாட்சியராக, அதாவது ஆர்.டி.ஓ.வாக இருந்தவர், எனக்கு மேலதிகாரி. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியும் என்னைக் கண்டால் கையை நீட்டுவார், நான் ஏதோ கோப்பு கொண்டு வந்திருப்பேன் என்ற நினைப்பில்.

"வண்டி வாங்கிட்ட சரி. யாருய்யா ஓட்டுறது? டிரைவருக்கு இன்னும் கவர்மென்டா சம்பளம் குடுக்குது?" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

"நானே ஓட்டுவேன்" என்றேன்.

"நீயா?"

"ஆகஸ்ட் பதினஞ்சு நம்ம கொடியேத்தத்துக்கு அந்த ஜீப்பை நானே ஓட்டிட்டு வாரேன். பாருங்க."

சிரிப்பு நின்றது. தீர்மானப் புத்தகத்திலேயே ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். ஓட்டும் பழக்கம் சற்று விட்டுப் போயிருக்கிறது. நாலு மாதம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

26.4.2015, ஞாயிறு

எந்த வேலையும் முறையாக நடக்க வேண்டும். 'வாகனப் புனரமைப்பு' என்று ஒரு கோப்பு திறந்தேன். பின் சக்கரங்களைக் கழற்ற அனுமதி கோரி சந்தியாகு குறிப்பு வைக்க வேண்டும், நான் ஒப்புதல் தர வேண்டும் என்று ஏற்பாடு. குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கப் போவதற்குள் நாலு சக்கரமும் கழன்று சுவரில் சாய்ந்திருந்தன. விளக்கம் கேட்டேன்.

"வெயிலுக்கு முன்னாடி முடிச்சிரலாம்னு பாத்தேன்யா."

விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. எனினும் கண்டிப்புடன் விடப்பட்டது.

7.5.2015, வியாழன்

கோடை மழை. ஜீப்பில் தரைத் தகரமே இல்லாததால் மேலே பெய்தது கீழே போய்விட்டது. சேதமில்லை.

17.5.2015, ஞாயிறு

இஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியாயிற்று. தரைக்குப் புதுத் தகரம் பற்ற வைக்கிறார்கள். நான் நிழலில் உட்கார்ந்து சங்கத்தின் சுதந்திர தின மலருக்குக் கட்டுரை எழுதினேன். தலைப்பு: 'விதியே என் வழி'. முக்கியமான பத்தியை இங்கேயும் எடுத்து எழுதி வைக்கிறேன்.

'1996 நவம்பர் 8. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிறது. விடாத மழை. தரைப்பாலங்கள் மூழ்கி நரிக்குடி சாலையில் பேருந்துகள் நின்றுவிட்டன. பகல் பதினோரு மணிக்கு, அந்தச் சாலையை ஒட்டிய ஊரிலிருந்து, என் மாமனார் காலமான செய்தி வந்தது. அலுவலகத்துக்கே ஓடிவந்து என் மனைவி அரசு ஜீப்பைக் கேட்டாள். அரசு வாகனம் குடும்பத்துக்கு அல்ல என்று நான் மறுத்தேன். மறுநாள் பேருந்து விட்ட பிறகுதான் போனோம். அவள் தந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் விதி காப்பாற்றப்பட்டது.'

தமயந்தியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். உளுந்து களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"இதப் போய் எதுக்குங்க புத்தகத்துல போடுறீங்க?"

"நாலு பேருக்கு முன்மாதிரியா இருக்கட்டுமே."

களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "போடுங்க. அன்னைக்கு உங்க மேல அம்புட்டு ஆத்திரம் எனக்கு. அப்புறம், நம்ம வீட்டு மனுசன் யாருக்கும் வளையாதவரு, நமக்குன்னும் வளைய மாட்டாருன்னு சொல்லிச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். பத்தொம்பது வருசமாச்சு" என்றாள்.

பெருமையாக இருந்தது. கட்டுரையை உறையிலிட்டு ஒட்டினேன்.

31.5.2015, ஞாயிறு

டிரைவர் இருக்கைக்கு அடியில் சாமான் பெட்டியைத் திறந்தபோது, பாலிதீன் பையில் சுற்றி, எலிகூடத் தொடாமல், 1996ஆம் வருட லாக் புக் கிடைத்தது. வண்டி என்றைக்கு எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், எதற்காக என்று எழுதிக் கையெழுத்திடும் புத்தகம். தணிக்கை வந்த சமயத்தில் இது காணாமல் போக வேண்டியிருந்தது. காணாமல் போனதற்காக சந்தியாகுவுக்கு மெமோவும் கொடுக்க வேண்டியிருந்தது. மெமோவில் கையெழுத்து என்னுடையது.

"இத அன்னைக்கே எரிச்சுரச் சொன்னேன்லய்யா?"

"சர்க்கார் புத்தகத்த எரிக்கலாமாய்யா? பத்திரமா வச்சுட்டேன்."

இந்த ஆளை வைத்துக்கொண்டு எப்படி ஆறு வருடம் நிர்வாகம் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 8.11.1996. புறப்பாடு பகல் 12.15. மொத்தம் 78 கிலோமீட்டர். பயணம் செய்தவர்: வட்டாட்சியர். நோக்கம்: கண்மாய் உடைப்பு பார்வையிடல்.

அன்று எந்தக் கண்மாய் உடைந்தது என்று எனக்கு நினைவில்லை. புத்தகத்தைப் பரணில், பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

7.6.2015, ஞாயிறு

பழைய பேப்பர்காரர் வந்தார். தமயந்தி பரணைச் சுத்தம் செய்தாள். நான் பட்டறைக்குப் போயிருந்தேன்.

8.6.2015, திங்கள்

சாப்பிடும்போது, "அந்தத் தீபாவளிக்கு மின்ன, எட்டாம் தேதி, எந்தக் கண்மாய்ங்க உடைஞ்சது?" என்று கேட்டாள்.

"எந்த எட்டாம் தேதி?"

"சும்மா கேட்டேன்" என்று ரசம் ஊற்றினாள். ரசத்தில் உப்பே இல்லை. எடுத்துச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

9.6.2015, செவ்வாய்

சந்தியாகுவுக்கு டீ கொடுக்கப் போன தமயந்தி அரைமணி நேரம் வண்டியருகே நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னதை ஜன்னல் வழியே பார்த்தேன். போன பிறகு விசாரித்தேன்.

"ஒண்ணுமில்லய்யா. கிரைண்டரைப் பத்திக் கேட்டாங்க."

"எந்தக் கிரைண்டர்?"

"ஆர்.டி.ஓ. அய்யா மகளுக்குத் தலைத் தீபாவளிச் சீருன்னு நரிக்குடிக்கு ஏத்திட்டுப் போனோம்லய்யா, மழைக்குள்ள. அந்தக் கிரைண்டரு."

"நீ என்ன சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன். நான் பொய் சொல்லிப் பழகலய்யா, எழுதுனது எல்லாம் நீங்கதான்."

இன்று ஏகப்பட்ட வெயில். வேறு விசேஷமில்லை.

14.6.2015, ஞாயிறு

மூன்று நாளாகத் தமயந்தி அதிகாலையில் எழுந்து 'வாக்கிங்' போகிறாள். நல்லதுதான், முழங்கால் வலிக்கு டாக்டரே சொல்லியிருக்கிறார். என் ஆலோசனையை எட்டு வருடம் கழித்தாவது ஏற்றுக்கொண்டாளே.

ஆதார் அட்டை நகலும் இரண்டு புகைப்படமும் எடுத்து வைத்திருந்தாள். எதற்கென்றால் ரேஷன் கடையில் கேட்கிறார்கள் என்றாள். நான் ஆட்சேபிக்கவில்லை.

23.6.2015, செவ்வாய்

வண்டியின் உரிமையை என் பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. நாமும் அந்த உப்பைத் தின்றவர்கள். முன்னாள் வட்டாட்சியர் என்று சொல்லியும் ஒரு இளைஞர் தலை நிமிராமல், "அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். இது மூன்றாவது செவ்வாய்.

நானும் மனு கொண்டு வருகிறவர்களைச் செவ்வாய்க்கிழமைதான் வரச் சொல்வேன். செவ்வாய்க்கிழமை நான் வெளியூர் முகாம் போகிற நாள்.

2.7.2015, வியாழன்

இஞ்சின் பட்டறையிலிருந்து வந்து பொருத்தியாயிற்று. தமயந்தி கேன்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறாள். புடவைக்கு அது பொருந்தவில்லை என்று சொன்னேன். கால் வழுக்காது என்றாள். நடக்கும்போது எதற்கு வழுக்கும்?

மலருக்கு மெய்ப்பு வந்தது. ஏதும் திருத்தம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். என் புகைப்படத்தை மட்டும் சற்றுப் பெரிதாக்கச் சொன்னேன்.

9.7.2015, வியாழன்

காலையில் பால் வாங்கப் போகும்போது டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று குலுங்கிக் குலுங்கிப் போனது. ஓட்டியவர் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்மணி. நான் தமயந்திக்கு எடுத்துக் கொடுத்த அதே அரக்கு நிறப் புடவை, அதே பார்டர். ஒரே டிசைனில் எத்தனை பேர் தலையில் கட்டுகிறார்களோ ஜவுளிக்கடைக்காரர்கள்.

இந்த வயதில் அந்த அம்மாளுக்கு இது தேவையா என்று நினைத்துக்கொண்டேன். பெண்மணி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூச்சம் இருக்கும்தானே.

12.7.2015, ஞாயிறு

பிற்பகல் 3.20 மணிக்கு இஞ்சின் ஓடியது. கரும்புகை தெருவைத் தாண்டிப் போயிற்று. சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையினால். சத்தம் அதே சத்தம். இந்தச் சத்தம் கேட்டால் கிராமங்களில் வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். இன்று எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

16.7.2015, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது மேசைக்கடியில் தமயந்தியின் இடது கால் அமுங்கி அமுங்கி எழுகிறது. நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும். ஆட்டோவில் போகும்போதும், "இண்டிகேட்டர் போடாம திரும்புறீங்களே தம்பி" என்று டிரைவரை அதட்டினாள். முன்பெல்லாம் இப்படிப் பேசமாட்டாள்.

19.7.2015, ஞாயிறு

காலை 6.30க்கு, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன், சந்தியாகுவை இடது பக்கம் உட்காரவைத்து, டிரைவர் இருக்கையில் அமர்ந்தேன். ஸ்டியரிங் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. மூன்று மிதிகள் இருக்கின்றன, காலோ இரண்டு. இந்தக் குறைபாட்டை யாரும் சுட்டிக்காட்டியதாகத் தெரியவில்லை.

6.42 மணிக்கு வண்டியின் முன்பகுதிக்கும் எங்கள் வீட்டுக் கேட்டின் இடது கதவுக்கும் தொடர்பு ஏற்பட்டது. கதவு தன் இடத்தைவிட்டு நகர்ந்து எதிர்வீட்டுச் சாக்கடை மேல் அமர்ந்தது. உயிர்ச்சேதமில்லை. துளசித் தொட்டி ஒன்று.

"அய்யா, தப்பா நினைக்காதீக. இதுக்கு மின்ன ஓட்டிருக்கீகளா?" என்றார் சந்தியாகு.

இந்த நாட்குறிப்பு எனக்கு மட்டுமேயானது என்பதால் எழுதுகிறேன். இல்லை. சைக்கிள்கூட இல்லை. பதவிக்கு வருமுன் பேருந்து, வந்த பின் ஜீப், எப்போதும் இடது பக்கம். ஆகஸ்ட் பதினைந்துக்கு இருபத்தேழு நாள் இருக்கிறது.

26.7.2015, ஞாயிறு

பெயின்ட் முடிந்தது. பளபளவென்று வெள்ளை. முன்னால் 'வட்டாட்சியர்' என்று பலகை வைக்க ஆசைப்பட்டேன். அது சட்டப்படி குற்றம் என்று பெயின்டர் மறுத்துவிட்டார். கடைசியில் 'முன்னாள் வட்டாட்சியர்' என்று முடிவானது. 'முன்னாள்' மட்டும் சற்றுச் சிறிய எழுத்து. தரையில் குத்தவைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

9.8.2015, ஞாயிறு

அழைப்பிதழ் வந்தது. 'முன்னாள் வட்டாட்சியர் திரு. குலசேகரன் தாம் புதுப்பித்த ஜீப்பைத் தாமே ஓட்டி வருகிறார்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. 'தாமே' என்பதற்குக் கீழே ஒரு கோடு வேறு. அச்சகத்தில் தானாக விழுந்த கோடு மாதிரித் தெரியவில்லை. தெய்வநாயகம் அண்ணாச்சி சால்வையும் வாங்கிவிட்டாராம்.

13.8.2015, வியாழன்

வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதாக முடிவு செய்திருக்கிறேன். மருந்துக்கடையில் கட்டுப் போடும் துணி வாங்கிக் கட்டிப் பார்த்தேன், நம்பும்படி இருக்கிறது. சந்தியாகு ஓட்டட்டும், நான் இடது பக்கம் இருந்து கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டுவேன். வருத்தமான ஒரு புன்னகையும் பழகிவருகிறேன்.

14.8.2015, வெள்ளி

சந்தியாகு வர மாட்டாராம்.

"நாளைக்கு மாதா திருநாளுய்யா. முப்பது வருசமா ஒவ்வொரு ஆகஸ்ட் பதினஞ்சும் கொடியேத்த டூட்டி. ஒரு வருசங்கூட நான் கோயிலுக்குப் போனதில்ல. லீவு கேட்டா, சுதந்திர தினத்தன்னைக்கு லீவான்னு கேப்பீக. இப்ப நான் ரிட்டயர்டுய்யா."

இதை என்னிடம் நின்றுகொண்டு சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

15.8.2015, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். இன்று எதையும் சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

ஏழு மணிக்கே வெள்ளை வேட்டி சட்டையோடு, கையில் கட்டோடு, தயாராக நின்றேன். கார் ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்களைக் கேட்டுப் பார்த்தாயிற்று. இந்தப் பழைய கியர் எங்களுக்கு வராது சார் என்றுவிட்டார்கள். பேசாமல் காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தமயந்தி உள்ளேயிருந்து வந்தாள். அரக்குப் புடவை, கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை. ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தாள்.

"ஏறுங்க."

"யாரு ஓட்டுறது?"

பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஓட்டுநர் உரிமம். அவள் படம், அவள் பெயர். இரண்டு முறை படித்தேன். ஆட்சேபிக்க ஒன்றுமில்லை, எல்லாம் முறையாக இருந்தது. "இந்த வண்டியும் பழகிட்டேன். இஞ்சின் ஓடுன பெறகும் நீங்க செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ஆபீசுக்கு அலைஞ்சீங்கள்ல, அப்ப சந்தியாகு அண்ணே சொல்லிக் குடுத்தாரு" என்றாள்.

நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினேன். யோசித்து ஏறவில்லை. கால் அங்கேதான் போயிற்று. கொடியேற்றத்தில் பேச எழுதிய உரை வைத்திருந்த பையைக் குட்டை லீவரில் மாட்டினேன். மணி 7.40.

கியர் ஒரு முறை கரகரத்தது, அப்புறம் பணிந்துவிட்டது. கொடியேற்றம் நடக்கும் மண்டப வாசலில் தெய்வநாயகம் அண்ணாச்சி சால்வையோடு நின்றிருந்தார், பின்னால் சங்கம் மொத்தமும்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. மண்டபம் வந்திருச்சு."

"தெரியுதுங்க" என்றவள் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு மூன்றாவது கியருக்குப் போனாள். நான் கட்டுப் போட்ட கையைத் தூக்கினேன். சல்யூட் என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார். சால்வை கீழே விழுந்தது.

"எங்க போறோம்?"

"எங்க அப்பா ஊருக்கு."

திருச்சுழி தாண்டித் தரைப்பாலங்கள் வந்தன, எல்லாம் காய்ந்து கிடந்தன. நரிக்குடிக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால் அவள் ஊருக்குத் திரும்பும் விலக்கு வந்தது. ஓரமாக நிறுத்தினாள். இண்டிகேட்டர் போட்டு நிறுத்தினாள்.

"இந்த இடத்துலதான் சந்தியாகு அண்ணே கேட்டிருக்காரு. அய்யா, அம்மா ஊரு வெலக்கு வந்திருச்சு, ரெண்டு கிலோமீட்டருதான், திருப்பவான்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"இருட்டுறதுக்குள்ள கிரைண்டரை எறக்கணும், நேரா போன்னு சொன்னேன்."

தலையை ஆட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை விடவில்லை.

"ஆர்.டி.ஓ. சொன்னத மீற முடியல, பயமா இருந்துச்சுன்னு அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அழுதுட்டு விட்டிருப்பேங்க. பயப்படாத மனுசன் யாரு? விதின்னுல்ல சொன்னீங்க. எம்புருசன் ஞாயஸ்தன்னு ஊரெல்லாம் நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. எங்கம்மா செத்துப் போற வரைக்கும் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. அவுககிட்டயும் உங்களுக்காகத்தான் சண்டை போட்டேன்."

வெட்கமாக இருந்தது. மெமோ வாங்கியவர்கள் என் மேசைக்கு எதிரே நிற்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பேப்பர் வெயிட்டைப் பார்ப்பார்கள். நான் லீவரில் தொங்கிய பையைப் பார்த்தேன்.

ஊருக்குள் போகாமல் கண்மாய்க் கரை வழியே விட்டாள். ஓடையில் பொதபொதவென்று மணல். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை.

"பைய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். குட்டை லீவரைப் பிடித்து ஒரே தள்ளு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்கு நடுவில் சுடுகாட்டுக் கொட்டகை இருந்தது. அங்கே போய் நிறுத்தினாள். இறங்கினாள். ஷூவைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"மணி என்னங்க?"

"எட்டு அம்பத்தஞ்சு."

"ஒண்ணே கால் மணி நேரம்" என்றாள். "அன்னைக்குத் தகவல் வந்தது பதினோரு மணிக்கு. அப்பாவ எடுத்தது நாலு மணிக்கு."

கொஞ்சம் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நிற்கலாமா என்று தெரியாமல் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தெய்வநாயகம் பதினோரு முறை அழைத்திருக்கிறார்.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பையிலிருந்து லாக் புக்கை எடுத்துப் பானெட்டின் மேல் விரித்தாள். எட்டாம் தேதிப் பக்கம். பேனாவை நீட்டினாள்.

"திருத்துங்க."

கட்டோடு எழுத வராது. அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். 'கண்மாய் உடைப்பு பார்வையிடல்' என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே எழுதினேன்: 'கோட்டாட்சியர் மகள் வீட்டுக்கு கிரைண்டர் கொண்டு சென்றது.' அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும் என்பது விதி. இட்டேன். இன்றைய தேதியை.

அவள் ஒரு வெற்றுப் பக்கத்தைப் புரட்டி இன்றைய கணக்கைத் தானே எழுதினாள். ஓட்டுநர்: தமயந்தி. நோக்கம்: அப்பாவைப் பார்க்க. 'பயணம் செய்தவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டு என் பக்கம் திருப்பினாள். பெயரை மட்டும் எழுதினேன், பதவி எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலருக்குப் போன கட்டுரையைப் பற்றி அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை காலை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நடந்து.

திரும்பி வரும்போது பையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.